கம்பி வளையத்துக் கொக்கி

ஏனுங்க தம்பி, இப்பக் கண்டக்டர்கிட்டக் கேட்டீங்களே, அந்த மஞ்சப் பள்ளிக்கூடம், அதக் கட்டினதே நான்தானுங்க. உக்காருங்க, இன்னும் தூரமிருக்குது. அந்தக் கண்டக்டரு முன்னாடி ஸ்டாப்புலயே எறக்கி உட்டுப்போடுவான், அப்பறம் வெயில்ல நடக்கோணும். நான் சொல்றேன், எங்க எறங்கறதுன்னு. எனக்கு அதுக்கு அடுத்த ஸ்டாப்பு.

புள்ளையச் சேர்த்தறதுக்கா? பேங்குல மாத்தலாகி வந்துருக்கறீங்களா. சந்தோசமுங்க. பையனா, புள்ளையா? பொம்பளப் புள்ளையா. எந்த வகுப்பு? மூணாப்பு. ம்.

நல்ல பள்ளிக்கூடமுங்க. மூணு மாடி. இந்தச் சுத்துவட்டாரத்துலயே அவ்வளவு ஓசரமா எந்தப் பள்ளிக்கூடமும் கெடையாது. கடக்கால் தோண்டின நாள்ல இருந்து மேல தண்ணித்தொட்டி ஏத்தினது வரைக்கும் என்ற கைதான். தாளாளர் என்னைத் தவிர வேற ஆளயே கூப்புடல. கீழ்த்தளம் மொதல்ல வேன் நிறுத்தறதுக்குன்னு வெறும் பில்லரா உட்டுருந்தோம். அப்பறம் புள்ளைங்க கூடிப்போச்சுன்னு அங்கயும் பலகை வெச்சுத் தடுத்து, சின்ன வகுப்பெல்லாம் கீழ கொண்டாந்துட்டாங்க. 

ஊருக்குள்ள அந்தக் கட்டடத்தப் பத்தி ஏதாவது சொல்லுவாங்க. டீக்கடைல சொல்லுவாங்க, சலூன்ல சொல்லுவாங்க. காதுல போட்டுக்காதீங்க. அப்பிடியொரு பேரக் கெளப்பி உட்டது யாருன்னு கேட்டீங்கன்னா, வேற எந்த எதிராளியும் இல்லீங்க. என்ற சொந்த மக. நவமணின்னு பேரு. 

சிரிக்கிறீங்களா? ஊரே சிரிச்சுதுங்க. நீங்க ஒருத்தர் சிரிக்கறதுல என்ன.

அவ பூகம்பத்தப் பத்திப் படிச்சவளுங்க. டாக்டர்தான், ஆனா ஊசி போடற டாக்டர் இல்ல. மண்ணு டாக்டர். எங்க பூமி ஆடும், எங்க ஆடாது, முன்னாடி எப்ப ஆடுச்சு, அதெல்லாம் பாக்கற வேலை. இந்தமாதர ஒரு படிப்பு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. எங்க சாதிசனத்துல யாருக்குந்தான் தெரியும்? புள்ளைங்க படிச்சா டீச்சர், இல்லாட்டி நர்சு, கொஞ்சம் துணிஞ்சவங்க கம்ப்யூட்டரு. இவ மட்டும் மண்ணுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா.

அதுக்குக் காரணமும் நான்தான்னு என்ற ஊட்டுக்காரி சொல்லுவா. பள்ளிக்கூட லீவுல எங்கூட வேலை நடக்கற எடத்துக்கு வருவாளுங்க. மத்த புள்ளைங்க மணல் குமிச்ச எடத்துல வெளையாடும், இவ கடக்கால் குழிக்குள்ள எறங்கி நின்னுக்குவா. ஒருநாள் ஒரு ஊட்டுக்குக் கடக்கால் வெட்டிட்டு இருக்கறோம். மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ வெள்ளையா சுக்கான் கல்லு. அந்த வெள்ளக் கோடு நேரா வந்து, ஒரு எடத்துல பட்டுனு அறுந்து, அக்கட்ட ஒரு சாண் கீழ எறங்கி நிக்குது. அத வெரல்ல தொட்டுப் பாத்துட்டு, இது ஏம்ப்பா ஒடஞ்சுருக்குதுன்னு கேட்டா. பூமின்னா அப்பிடித்தான் கண்ணு இருக்கும், மேல ஏறு, காங்கிரீட்டு வருதுன்னேன். ஏற மாட்டேங்கறா. கொத்தாளு பொம்பளைங்கதான் இடுப்புல தூக்கி மேல வெச்சாங்க. 

அந்தக் கோட்டத் தேடித்தான் அவ இத்தன வருசம் படிச்சா. அதுல ஒரு கூத்து என்னன்னா, படிச்சு முடிச்சுட்டு வந்தவ அவளே சொன்னா, அது பூகம்பத்துல ஒடஞ்சது இல்லியாமா. பழைய கெணத்த மண்ணுப் போட்டு மூடுன எடமாட்ட இருக்குதுப்பான்னா. அப்ப நான் கெணத்து மேல ஊடு கட்டிருக்கறேன்னு அர்த்தம், பாத்துக்குங்க. அந்த ஊடு இன்னிக்கும் நிக்குதுங்க. ஒரு மூலைல விரிசல் உட்டுருக்குது, அது பூச்சு விரிசல், அதுல ஒண்ணுமில்ல.

எனக்கு ஒரே ஆசைங்க. அவ சிவில் படிக்கோணும். நான் கட்டறேன், நீ பிளான் போடுன்னு சொல்லுவேன். எம்பையன் லோகநாதனுக்கு இதுல மனசு இல்ல, அவன் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். புள்ளையாவது நம்ம தொழில்ல நிக்கட்டும்னு நெனச்சேன். ரண்டு பேர் பேரையும் போட்டு ஒரு பலகை எழுதறதுக்குப் பெயின்டர்கிட்டச் சொல்லிக்கூட வெச்சிருந்தேன். மார்க்கும் நல்ல மார்க்கு. சிவில்ல சீட்டும் கெடச்சுது. அன்னிக்குச் சாயங்காலம் வந்து, வேண்டாம்ப்பா, நான் ஜியாலஜி படிக்கறேன்ங்கறா. அப்பிடின்னா என்னான்னு கேட்டேன். கல்லு, மண்ணு, பாறைன்னா. கல்லு மண்ணுதானே நானும் பாக்கறேன்னேன். நீங்க மேல கட்டறீங்க, நான் கீழ பாக்கறேன்னு சொன்னா. வாய்ங்க அவளுக்கு.

ரண்டு நாள் சோறு எறங்கல. அப்பறம் அழுது என்ன பண்றது, சேர்த்தித்தானே ஆகோணும். ஊர்ல போற வாரவங்கெல்லாம், ஏஞ் சென்னியப்பா, உம்புள்ள கல்லுடைக்கறதுக்கா காலேஜ் போகுது, நம்ம குவாரிலயே சேர்த்தி உட்டுருக்கலாமேன்னாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாங்க. புள்ள என்ன படிக்குதுன்னு கேட்டாங்க. பூகம்பம்னு சொன்னதும் மாப்பிள்ளையோட அம்மா, காப்பித் தம்ளர வெச்சுட்டு, அத எங்கூட்டுக்கு வேற கொண்டுக்கிட்டு வரோணுமான்னு கேட்டுது. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள எரிஞ்சுதுங்க. அவளுக்கென்ன, கல்யாணமே வேண்டாம்னுட்டா.

மேல படிக்க வடக்க போனா. ஒருக்கா நானும் போனேன். அவ வேலை செய்யற எடத்தப் பாக்கோணும்னு ஆசைங்க, அவளும் கூப்புட்டா. மலையடிவாரம். போய்ப் பாத்தா, என்ன நடக்குதுங்கறீங்க? குழி வெட்டிட்டு இருக்கறாங்க. நம்ம கடக்கால் குழியாட்டவே, ஆனா ஆழம் அதிகம், நீளம் அதிகம். குழிச் செவுத்தச் சொரண்டிச் சுத்தம் பண்ணி, ஆணியடிச்சு, நூல் கட்டி, கட்டங்கட்டமா வரஞ்சுக்கிட்டு இருக்கறா. இதுக்கா இத்தன படிப்புன்னு கேட்டேன். 

அவ என்னைக் கையப் பிடிச்சு உள்ள எறக்குனா. இந்தக் கோட்டப் பாருப்பா, இங்க அறுந்து கீழ எறங்கிருக்குது. அதுக்கு மேல இருக்கற கோட்டப் பாரு, அது அறுபடல. அப்ப என்ன அர்த்தம்? கீழ இருக்கற மண்ணு வந்ததுக்கு அப்பறம், மேல மண்ணு வரதுக்கு முன்னாடி, பூமி ஆடிருக்குது. அதுல கெடக்கற அடுப்புக்கரியச் சோதிச்சா எந்தக் காலம்னு தெரிஞ்சுரும். இந்தமாதர எத்தன தடவ ஆடிருக்குதுன்னு பாத்தா, இந்த எடம் எப்பிடிப்பட்ட எடம்னு தெரியும். அவ சொல்லச் சொல்ல எனக்குப் புரிஞ்சுதுங்க. அதான் ஆச்சரியம். மண்ணு விசயமில்லீங்களா, எனக்குப் புரியாம யாருக்குப் புரியும்?

ஆனா ஒண்ணு பாத்தேன். அவ்வளவு ஆழமான குழி, ஒரு முட்டுக் கெடையாது. மண்ணு சரிஞ்சா என்னாகறது? இத்தன டாக்டருக இருந்தும் ஒருத்தனுக்கு அது தோணல. எனக்குக் கோவம் வந்துருச்சு. பலகை வாங்கியாரச் சொல்லி, சவுக்கு மரம் கெடைக்காம ஏதோ மலை மரத்த அறுத்து, குழி முச்சூடும் நானே முட்டுக் குடுத்தேன். அவளோட பெரிய வாத்தியார், தாடிக்காரர், என்னமோ இந்தீல சொல்லிக் கையெடுத்துக் கும்புட்டாரு. எங்கப்பான்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தா. அந்த ரண்டு நாளு... சரி உடுங்க. நல்லாருந்துச்சுங்க.

இந்தப் பஸ்ஸுல ஜன்னல் ஒண்ணு கூடச் சாத்த முடியறதில்ல. தூசி பாருங்க.

அதுக்கப்பறம் வேலைல சேர்ந்துட்டா. எங்க பூகம்பம் வந்தாலும் இவியளத்தான் அனுப்புவாங்க. வடக்க ஒரு மலையூர்ல பெருசா வந்து, இவ போயிருந்தா. அங்கிருந்து போன் பண்ணுனா. ஒரு பள்ளிக்கூடம் உழுந்துருச்சாமா. மேல் மாடியெல்லாம் அப்பிடியே இருக்க, கீழ்த்தளம் மட்டும் காணமாம். பேசுனா பேசுனா. வளையமெல்லாம் பிரிஞ்சு கெடக்குதுப்பா, கொக்கிய உள்ள மடக்கவே இல்லப்பா, அப்பிடீன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. நம்மூருக்கெல்லாம் அது வராது கண்ணு, நீ சாப்புட்டயான்னு கேட்டேன். வேற என்னங்க கேக்கறது ஒரு அப்பன்.

வளையம்னா உங்களுக்குத் தெரியாதுல்ல. பில்லருக்குள்ள நெட்டுக்குத்தலாக் கம்பி நிக்குமுங்க. அதச் சுத்திச் சின்னக் கம்பில வளையம் போட்டுக் கட்டுவோம். வளையத்தோட ரண்டு முனையும் சேர்ற எடத்துல கொக்கியா மடக்கோணும். அந்தக் கொக்கி உள்ளாற, காங்கிரீட்டு வயித்துக்குள்ள போறமாதர மடக்கோணும்னு புஸ்தகத்துல போட்டுருக்குது. சும்மா சதுரமா மடக்கி உட்டா, பூமி ஆடறப்ப மேல்பூச்சு உதுந்து வளையம் பிரிஞ்சுக்குமாம். உள்ளாற மடக்கறதுக்கு நேரமாகுமுங்க. கம்பி கட்டறவனுக்குக் கை வலிக்கும். இந்தப் பக்கம் எந்தக் கான்ட்ராக்டருங்க மடக்குனான்? ஒருத்தனச் சொல்லுங்க. எல்லாரும் சதுரமாத்தான் உட்டாங்க, எல்லாக் கட்டடமும் நிக்குது.

சரி, விசயத்துக்கு வாரேன். போன மாசி நோம்பிக்கு அவ லீவுல வந்துருந்தா. அப்பத்தான் அந்த ஆட்டம் வந்துச்சு. பெருசா ஒண்ணுமில்லீங்க. மத்தியானம் படுத்துருந்தேன், கட்டில யாரோ இழுத்து உட்டமாதர இருந்துச்சு, பாத்திரம் கலகலன்னுச்சு, முடிஞ்சுபோச்சு. டீவில லேசான நில அதிர்வுன்னு கீழ ஓட உட்டாங்க. அவ்வளவுதான். எல்லாரும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் சட்டையப் போட்டுக்கிட்டு நேராப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சும்மாதானுங்க. ஞாயித்துக்கெழமை, பூட்டிருந்துச்சு. சுத்தி வந்து பில்லர் பில்லராத் தொட்டுப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. திரும்பிப் பாக்கறேன், இவ பின்னாலயே வந்து நிக்கறா.

அன்னிக்கு ராச்சோறு திங்கறப்பக் கேட்டா. ஏப்பா, இந்தப் பள்ளிக்கூடத்துப் பில்லருக்கு எத்தன கம்பி போட்டீங்க, வளையம் எவ்வளவு இடைவெளில கட்டுனீங்க, கொக்கி எப்பிடி மடக்குனீங்கன்னு. 

தம்பி, உங்களுக்கு நான் எப்பிடிச் சொல்றது. அவ பொறந்ததுல இருந்து என்ற வேலையப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்லீங்க. மண்ணக் கேட்டா, கல்லக் கேட்டா, நான் கட்டறதக் கேட்டதில்ல. அன்னிக்குத்தான் கேட்டா. எனக்கு என்ன சந்தோசம்னா, சோத்துக் கையக் கழுவாம, காஞ்சு போற வரைக்கும் உக்காந்து பேசுனேன். எந்தக் கம்பி, எந்தச் சிமிட்டி, எந்த ஆத்து மணலு, கம்பி கட்டுன பசங்க எந்தூரு, எல்லாம் சொன்னேன். கொக்கியத்தான் எல்லாரும் சதுரமா உட்டுருவோம் கண்ணு, அதான் வேகம், உள்ள மடக்குனா வேலை ஓடாதுன்னு நானே சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். தொழில் பேசறேன்ல, எம்புள்ளகூடத் தொழில் பேசறேன். அவ சாப்புடாம கேட்டுக்கிட்டு இருந்தா. ஊட்டுக்காரிகூட, அப்பனும் மகளும் இன்னிக்கு ஒட்டுக்கா உக்காந்துருக்கறாங்கன்னு கதவோரம் நின்னு பாத்தா.

அது கொக்கி போட்டு இழுக்கறதுன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?

அந்த வாரமே கலெக்டர் ஆபீசுல இருந்து ஒரு குழுப் போட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியெல்லாம் பாக்கோணும்னாங்க. இவ லீவுல இருக்கறான்னு தெரிஞ்சு இவளையும் சேர்த்துக்கிட்டாங்க. எங்கப்பன் கட்டுனது, நான் வல்லைன்னு சொல்லிருக்கலாமுங்க. சொல்லல. எங்கப்பா கட்டுனதுன்னு எழுதிக் குடுத்துட்டே போயிருக்கறா. மொத மொத இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாங்க. கீழ்த்தளத்துல ஒரு பில்லர்ல நேராப் போய் மேல்பூச்சக் கொத்தச் சொல்லிருக்கறா. கொத்துனா வளையம் தெரியுது. கொக்கி சதுரமா வெளிய நிக்குது. பள்ளிக்கூடத்த மூடுன்னுட்டாங்க.

அவ மூடச் சொல்லலியாமா. அவ எழுதுனது, கீழ வகுப்பு வெக்காதீங்க, கோடை லீவுல கீழ்ப்பில்லர் எல்லாத்துக்கும் புதுக் கம்பி சுத்திச் சட்டை போட்டமாதரக் காங்கிரீட்டு போட்டுருங்க, அப்பறம் பயமில்லைன்னு. அவ்வளவுதான் எழுதுனேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிருக்கறா. சட்டை போடறதுங்க. அந்தக் கட்டடத்துக்குச் சட்டை போட்டா ஊருக்கே தெரியாதா, சென்னியப்பன் கட்டுனது நிக்காதுன்னு? முப்பது வருசமா இந்தக் கையி கட்டுது. ஒரு சுத்துச்செவுரு சாஞ்சதுன்னு யாராவது சொல்லட்டும்.

தாளாளர் போன் மேல போனு. பெத்தவங்க வாசல்ல நிக்கறாங்க. நான் ரோசிச்சேன். இது என்ற மானம். கோயமுத்தூர்ல இருந்து வேற ஒரு இஞ்சினீயரக் கூட்டியாந்தோம். அவர் சுத்திப் பாத்துட்டு, காப்பி குடிச்சுட்டு, கட்டடம் நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அத வெச்சு விசாரணை கேட்டோம்.

விசாரணையன்னிக்குப் பாக்கோணுமே நீங்க. மேசைக்கு அக்கட்ட அவ, இக்கட்ட நான். ஊர்க்காரங்க ஜன்னல்ல எல்லாம் நிக்கறாங்க. அவ என்னைக் கான்ட்ராக்டர்னுதான் சொன்னா. கான்ட்ராக்டர் இப்பிடிப் பண்ணிருக்கறாரு, கான்ட்ராக்டர் அப்பிடிப் பண்ணிருக்கறாருன்னு. எனக்குக் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துனமாதர இருந்துச்சு. படம் காட்டுனா. அந்த மலையூர்ப் பள்ளிக்கூடம். பில்லர் படம். நான் பாக்கலீங்க. கண்ணாடி கொண்டு போகல.

நான் எந்திரிச்சேன். அய்யா, நான் படிக்காதவன், ஒரே ஒரு கேள்விதான் கேக்கறேன்னு சொன்னேன். அந்தம்மா பூகம்பத்துலயே டாக்டர் பட்டம் வாங்கிருக்கறாங்க. இந்தூருக்குப் பூகம்பம் எப்ப வரும்னு சொல்லச் சொல்லுங்க. தேதி வேண்டாம், வருசம் சொன்னாப் போதும்னேன்.

அவ என்னையே பாத்தா. தெரியாதுன்னா.

கூடம் முச்சூடும் சிரிப்புங்க. ஜன்னல்ல நின்னவங்க கைதட்டுனாங்க. ஒரே கேள்விங்க, மடக்கிப் போட்டேன். இத்தன வருசம் படிச்சவ, அத்தன குழி தோண்டுனவ, தெரியாதுங்கறா. பெரிய ஆபீசரே சிரிப்ப அடக்கிக்கிட்டுக் குனிஞ்சுக்கிட்டாரு. சிரிப்பு அடங்குனதுக்கு அப்பறம் அவ பேசுனா. அது யாருக்கும் சரியாக் கேக்கலீன்னு நெனைக்கறேன். எனக்குக் கேட்டுது. 

"எப்ப வரும்னு தெரியாதுப்பா. வந்தா எது உழும்னு தெரியும்."

அன்னிக்குப் பூராவும் கான்ட்ராக்டர், கான்ட்ராக்டர்னவ, அங்க மட்டும் அப்பான்னா. எதுக்குங்க அந்த எடத்துல அப்பான்னு சொல்லோணும்?

செயிச்சது நானுங்க. பள்ளிக்கூடத்தத் தெறந்தாச்சு. கொத்துன பில்லரப் பூசி, மஞ்சப் பெயின்டு அடிச்சு, கீழ மறுபடியும் வகுப்பு. தாளாளர் எனக்குச் சால்வை போட்டாரு. ஊட்டுக்கு வந்து பாத்தா அவ பொட்டி கட்டிட்டு இருக்கறா. வாசல்ல செருப்புப் போடறப்ப ஒருக்காத் திரும்பிப் பாத்தா, நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் பேச்சில்ல. அடுத்த மாசம் எதோ வெளிநாட்டுக்குப் போறாளாமா, ரண்டு மூணு வருசத்துக்கு. ஊட்டுக்காரிதான் பொறவாசல்ல, பொடக்காலில நின்னு போன்ல பேசுவா. அவளுக்குக் காது மந்தம், சத்தமா வெச்சுத்தான் கேப்பா. நானும் அந்த நேரத்துல பல்லு வெளக்கறதோ, முருங்க பறிக்கறதோ, ஏதாவது சோலியா அங்க இருப்பேன். கேக்கோணும்னு இல்ல. காதுல உழுகும்ல.

நெஞ்சு வேகமாட்டேங்குதுங்க. பெத்த புள்ள. என்ற வாய்ல இருந்தே வாங்கி என்ற மேலயே வெச்சுட்டாளே. இதவே ஒரு அன்னியன் செஞ்சிருந்தா ரண்டு நாள்ல மறந்துருப்பேன்.

இல்லீங்க, வேலை இருக்குது. முந்தியாட்ட இல்ல, ஆனா இருக்குது. இப்பக் கட்டறதுலெல்லாம் கொக்கி உள்ளாறதான் மடக்கச் சொல்றேன். நானே பக்கத்துல நின்னு பாக்கறது. பசங்க மொணகறாங்க. அவ சொன்னான்னு இல்லீங்க, காலம் மாறிப்போச்சு, ஊட்டுக்காரங்க எல்லாம் யூட்யூப்புல பாத்துட்டு வந்து கேக்கறாங்க. அதுக்காக.

பேத்தியா? லோகநாதன் புள்ள, ஹர்ஷிதா. ஆமாங்க, மொதல்ல இங்கதான் படிச்சா. ரண்டாப்பு. இப்ப அங்க இல்ல. கோயல் பக்கத்துல ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்குது, ஓட்டுக் கட்டடம், அங்க மாத்திட்டோம். பஸ் வசதிக்காகத்தான். ஆமாங்க, இதும் அதே பஸ்ஸு ரூட்டுதான், இன்னும் ஒரு ஸ்டாப்பு தள்ளிப் போகோணும். அந்தப் பஸ்ஸுல கூட்டம் கம்மிங்க. மருமக சொன்னா, நானும் சரின்னேன். இல்ல, நான்தான் மொதல்ல சொன்னேன். எதோ ஒண்ணு.

அங்க தெரியுது பாருங்க மஞ்சளா, அதுதான். புளியமரத்துக்குப் பின்னால. வெளிச்சத்துல நல்லாருக்குதுல்ல? அன்னாடும் காத்தால நடக்கறதுக்கு இந்தப் பக்கந்தான் வருவேன். டாக்டர் நடக்கச் சொல்லிருக்கறாரு. ஒரு சுத்துச் சுத்தி, கீழ்ப்பில்லர்ல கையி வெச்சுப் பாத்துட்டு, ஊட்டுக்குப் போயிருவேன். வாட்ச்மேனுக்குப் பழகிருச்சு, கேட்டத் தெறந்து உட்டுருவான். 

என்னங்க? நான் சொன்னாச் சேர்த்திருவீங்களா?

நான் சொல்றதுக்கு என்னங்க இருக்குது. நீங்க படிச்சவங்க, பேங்குல இருக்கறீங்க, நீங்களே நாலு பேரக் கேட்டு... அதான், கட்டுனவனே சொல்லட்டும்ங்கறீங்க. நாயந்தான். நல்ல பள்ளிக்கூடமுங்க. மார்க்கெல்லாம் நல்லா வாங்குதுக. ஆனா மெயின் ரோடு, லாரி வரும் போகும். சின்னப் புள்ளைங்க ரோட்டத் தாண்டோணும். தூசி. மூணாப்பு கீழ்த்தளத்துலங்க. கீழன்னா காத்து வராது, புழுக்கமா இருக்கும். அந்தக் கோயல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் ஒருக்காப் பாத்துருங்களேன். கட்டடத்துக்காகச் சொல்லலீங்க. ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? கட்டடத்துக்கு ஒண்ணுமில்ல. அதான் விசாரணைல செயிச்சாச்சே.

புள்ள பேரென்ன? மிருதுளாவா. நல்ல பேருங்க.

ஒண்ணு பண்ணுங்க. போன எடுங்க. எழுதிக்கறீங்களா, நம்பர் சொல்றேன். என்ற போன்ல இல்லீங்க, அன்னிக்கே அழிச்சுட்டேன். மனப்பாடமா இருக்குது, என்ன பண்றது. போட்டுக்கிட்டீங்களா? கடேசி ரண்டும் ஏழு. திருப்பிச் சொல்லுங்க. ஆங். நவமணின்னு போட்டுக்குங்க. புள்ள மூணாப்பு, கீழ்த்தளம், அங்க உக்கார வெக்கலாமா வேண்டாமான்னு அவகிட்டயே கேளுங்க. அவ என்ன சொல்றாளோ அதச் செய்யுங்க. இந்த நேரத்துக்கு எடுப்பா, சாப்புட்டு முடிச்சிருப்பா. 

நம்பர் யாரு குடுத்தாங்கன்னு கேப்பா. பஸ்ஸுல ஒருத்தர்னு சொல்லிருங்க. என்ற பேரச் சொல்ல வேண்டாம்.

ஸ்டாப்பு வந்துருச்சுங்க, எறங்குங்க. பாத்து, படி ஓசரம்.

தம்பி. சொன்னாலும் பரவால்லீங்க.